முறை தவறாத முயல்கள்

முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் வயதுக்காரர்களே, உங்களில் எத்தனை பேர் முயல் குட்டி போடுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள்? ஆடு ஈன்றதைப் பார்த்திருப்பீர்கள், பூனையையும் பார்த்திருப்பீர்கள். முயல் கதையே வேறு. முதல்நாள் வரைக்கும் சும்மா கீரை மென்றுகொண்டிருந்த தாய்முயல், திடீரென்று தன் நெஞ்சு ரோமத்தைத் தானே வாயால் கவ்விப் பிடுங்கத் தொடங்கும். பிடுங்கிப் பிடுங்கி மூலையில் குவிக்கும். வலிக்காதா என்று பத்து வயதில் நான் கேட்டேன். மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்முன் போய்ப் பார்த்தால் அந்த ரோமக் குவியல் தானாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. உள்ளே கை விட்டால் சூடு. கண் திறக்காத, மயிர் முளைக்காத ஏழு குட்டிகள், ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நீளம். அன்றைக்கு எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு எழுத்துகூட ஏறவில்லை.

தூத்துக்குடியில் கடற்கரைச் சாலைக்குப் பின்தெருவில் எங்கள் வீடு. இப்போது அங்கே கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கின்றன, வீடு இருந்த இடத்தை எனக்கே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அப்பாவுக்குத் தோணிகளுக்குக் கயிறும் பாய்த்துணியும் விற்கிற கடை. வீட்டில் அப்பா, அம்மா, அக்கா, நான், தம்பி, அப்புறம் அம்மாவின் தம்பியான எங்கள் மாமா. மாமா அப்பாவின் கடையிலேயே வேலை பார்த்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் அப்பா அம்மாவுக்குச் சொந்தத் தாய்மாமன். அம்மா கடைசிவரை அவரை ‘மாமா’ என்றுதான் கூப்பிட்டாள். அதே மாதிரி, அம்மாவின் தம்பிக்குத்தான் அக்கா என்று அவள் பிறந்த அன்றே பேசி முடித்துவிட்டார்கள். எட்டு வயதுப் பையனைக் கூட்டிவந்து, “பாத்துக்கலே, இவதான் ஒம் பொண்டாட்டி” என்று காட்டினார்களாம். நான் சொல்லும் காலத்தில் அக்காவுக்குப் பத்தொன்பது, கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தாள். படிப்பு முடிந்ததும் ஆவணியில் கல்யாணம் என்பது சூரியன் கிழக்கே உதிக்கும் என்பதுபோல எங்கள் வீட்டில் நிச்சயமான விஷயம். அக்காவுக்கும் அதில் கசப்பு இருந்ததாக நான் காணவில்லை. மாமா வரும் சைக்கிள் சத்தம் கேட்டால் அவள் முகம் கழுவப் போவாள். அதை நான் பார்த்திருக்கிறேன்.

முயல் வந்தது தோணியில். கடைக்கு வாடிக்கையாக வரும் தண்டல் ஒருவர் (தோணியை நடத்திப்போகிற தலைவரைத் தண்டல் என்போம்) கொழும்பிலிருந்து திரும்பும்போது ஓலைக்கூடையில் மூன்று முயல்களைக் கொண்டுவந்தார். “ரெண்டு கூடப்பொறந்ததுக அண்ணாச்சி. இந்தக் கறுஞ்சாம்பல் வேற வீடு” என்று அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். கூடப்பிறந்ததில் ஒன்று ஆண், ஒன்று பெண். வேறு வீட்டு முயலும் ஆண். மாமா அன்று சாயங்காலமே பெட்டிப் பலகைகளை அறுத்து, கம்பிவலை அடித்து, கொல்லையில் கூண்டு கட்டிவிட்டார். கப்பல் சமையல்காரர்கள் கறிக்கு வாங்குவார்கள் என்பது அவர் யோசனை. நம் வீட்டில் வளர்ந்ததை அறுக்கக் கொடுக்க மாட்டேன் என்று அம்மா ஒரே போடாகப் போட்டாள். அதோடு வியாபாரம் முடிந்தது, வளர்ப்பு மட்டும் தொடர்ந்தது.

முயல்களுக்குப் பெயர் வைத்தது அம்மா. பெண்ணுக்குப் ‘பொண்ணு’. வேறு வீட்டு ஆணுக்குச் ‘சீமைக்காரன்’. பொண்ணுவின் கூடப்பிறந்த ஆணுக்கு ‘மாமன்’. எங்கள் கொல்லையில் நின்று மாமா என்று கூப்பிட்டால் இரண்டு மனிதர்களும் ஒரு முயலும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று அக்கா கேலி செய்வாள்.

பெயரோடு சட்டமும் வந்தது. “மிருகமா இருந்தா என்ன? நம்ம வீட்டுல இருக்கிறவரைக்கும் முறை தவறப்பிடாது. அண்ணன் தங்கச்சி ஒரே கூண்டுல நிக்கப்பிடாது, சொல்லிட்டேன்” என்றாள் அம்மா. மாமா அதை அப்படியே ஏற்றுக்கொண்டார். யார் ஏற்காமல் இருப்பார்கள்? கேட்பதற்கு அவ்வளவு நியாயமாக இருந்தது. பொண்ணுவைச் சீமைக்காரனுக்குக் கொடுத்தோம். பெண்முயலைத்தான் ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும், ஆணைக் கொண்டுவந்து விட்டால் பெண் கடித்துக் குதறிவிடும். “அதுவும் நம்ம வழக்கந்தான், பொண்ணுதான மாப்ள வீட்டுக்குப் போவுது” என்று அம்மாவுக்குப் பரம திருப்தி. அந்த முதல் ஈற்றில்தான் ஏழு குட்டிகள்.

அந்த ஏழில் ஒரு பெண் வளர்ந்ததும் அதற்கு யார் மாப்பிள்ளை என்று கேள்வி வந்தது. “தாய்மாமன் குத்துக்கல்லு மாதிரி இருக்கும்போது இது என்ன கேள்வி?” என்றாள் அம்மா. மாமன் முயலுக்குக் கொடுத்தோம். அதற்குப் பிறந்த பெண்ணுக்கு அதன் தாயின் அண்ணன். அதற்கும் பிறந்ததற்கு அதனுடைய தாய்மாமன். ஏழெட்டு மாதத்துக்கு ஒரு தலைமுறை என்று கொல்லையில் ஒரு வம்சமே முறை பிசகாமல் வளர்ந்தது. எங்கள் சாதிசனத்தில்கூட அத்தனை ஒழுங்கு கிடையாது.

கூண்டுப் பலகையில் காற்று கொண்டுவந்த உப்பு பூத்திருக்கும். முருங்கைக் கீரை, அகத்திக்கீரை, அருகம்புல் எல்லாம் கலந்து ஒரு பச்சை வாடை. அக்னி நட்சத்திரத்தில் முயல்கள் காதைத் தொங்கப்போட்டுக்கொண்டு இரைக்கும். மாமா சாக்கை நனைத்துக் கூண்டைச் சுற்றித் தொங்கவிடுவார், அது காய்ந்ததும் மறுபடி நனைப்பார். கடைக்கும் வீட்டுக்கும் அதற்காகவே நாலுதரம் சைக்கிள் மிதிப்பார்.

தம்பிக்கு அப்போது ஆறு வயது. அவனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, அதனால் பேச்சும் வரவில்லை. வயிற்றில் இருந்தபோது கோயில் கொடைத் திருவிழாவில் வேட்டுச் சத்தம் கேட்டு அதிர்ந்ததால் வந்தது என்பது அம்மாவின் முடிவு. அப்பா யாரோ கொடுத்த காய்ச்சல் மருந்தின்மேல் பழி போட்டார். தம்பி பொழுதெல்லாம் கூண்டடியில்தான் கிடப்பான். முயலும் சத்தம் போடாத பிராணி, அதனால் ஒத்துப்போயிற்று போலும். பயந்தால் மட்டும் முயல் பின்னங்காலால் பலகையை ஓங்கி ஒரு மிதி மிதிக்கும். ஒருநாள் நாங்கள் எல்லாரும் முன்கட்டில் பேசிக்கொண்டிருந்தபோது தம்பி ஓடிவந்து மாமாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தான். போய்ப் பார்த்தால் கூண்டின் காலடியில் சாரைப்பாம்பு. முயல் மிதித்த சத்தம் காது கேட்கிற எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. பலகையில் கைவைத்திருந்த தம்பிக்கு உள்ளங்கையில் கேட்டிருக்கிறது. நான் அவன் கையை விரித்து விரித்துப் பார்த்தேன். என் கையைப் போலத்தான் இருந்தது.

மாமன் முயலுக்கும் அதன் மருமகளுக்கும் பிறந்த ஆறு குட்டிகளில்தான் அந்த அதிசயம் நடந்தது. பொண்ணு சாம்பல், மாமன் சாம்பல், சீமைக்காரன் கறுஞ்சாம்பல். எங்கள் கொல்லையில் அதுவரை சாம்பலைத் தவிர வேறு நிறம் கண்டதில்லை. ரோமம் முளைக்க முளைக்க ஒரு குட்டி மட்டும் வெளுத்துக்கொண்டே போயிற்று. தும்பைப் பூ மாதிரி வெள்ளை. பன்னிரண்டாம் நாள் கண் திறந்தபோது கண் சிவப்பு! தெருவே வந்து பார்த்தது. உப்பளத்துக்கு வேலைக்குப் போகிற பெண்கள் போகிற வழியில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். லட்சுமியே வந்துவிட்டாள் என்று அம்மா கூண்டுக்குச் சாம்பிராணி காட்டினாள்.

எனக்கு உறக்கம் பிடிக்காத கேள்வி ஒன்றுதான். அக்காவிடம் கேட்டேன். “யக்கா, அதுக்கு வெள்ளைய யாரு குடுத்தா?”

“அம்மையும் குடுத்திருக்கு, அப்பனும் குடுத்திருக்கு. ரெண்டுகிட்டயும் வெளிய தெரியாம இருந்திருக்கு.”

“ஒருத்தரு மட்டும் குடுத்தா?”

“உள்ளயே கெடக்கும்ளா. எத்தன தலமொறைக்குன்னாலும் கெடக்கும். அதே சாமான் இன்னொரு பக்கத்துல இருந்தும் வந்து சேந்தாதான் எந்திரிக்கும். இங்கன ரெண்டு பக்கமும் ஒரே வீடுல்லா, அதான் சீக்கிரம் சேந்துட்டு.”

என் வாழ்க்கையில் நான் கேட்ட பெரிய சேதி அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். பார்க்காத ஏதோ ஒரு கிழட்டு முயலின் வெள்ளை, யாருக்கும் தெரியாமல் கடல் தாண்டி வந்து, சாம்பல் தோலுக்குள்ளேயே இருந்து, எங்கள் கொல்லையில் எழுந்து நிற்கிறது. எனக்குள் யார் யார் படுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கண்ணாடி முன்னால் நின்று வாயைத் திறந்து பார்த்தேன். சிரிக்காதீர்கள், உண்மையாகவே பார்த்தேன்.

அடுத்த ஈற்றில் நாலு குட்டி. அதற்கடுத்ததில் மூன்று. அந்த மூன்றில் ஒன்று சரியாகத் தின்னவில்லை. முதலில் கண்டது தம்பி. குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மாமாவிடம் அதன் உதட்டை விலக்கிக் காட்டினான். மேல்பல் உள்ளே மடிந்திருந்தது, கீழ்ப்பல் வெளியே வளைந்து நீண்டிருந்தது. முயலின் பல் ஆயுள் முழுக்க வளரும். ஒன்றோடொன்று உரசித்தான் தேயும். உரசாத பல் வளர்ந்துகொண்டே போகும், முயல் தீனிக்கு நடுவில் பட்டினி கிடக்கும். மாமா பத்து நாளைக்கு ஒருமுறை வயர் கட்டரால் நுனியை வெட்டிவிட்டார். தம்பி முருங்கைக் கீரையை நசுக்கி விரலால் ஊட்டினான். ஒன்றரை மாதம் இருந்தது. அது செத்த அன்று அவன் அழுததைப் பார்க்க முடியவில்லை, சத்தமே இல்லாமல் வாய் மட்டும் திறந்திருந்தது.

அம்மா கண்ணேறு என்றாள், தெருவே வந்து வெள்ளையைப் பார்த்ததல்லவா? மிளகாய் சுற்றிப்போட்டாள். அப்பா உப்புக்காற்று என்று சொல்லிக் கூண்டைக் கிழக்குச் சுவரோரம் மாற்றினார். மாமா கீரையை மாற்றினார். அடுத்த ஈற்றிலும் மூன்று, அதில் இரண்டுக்குக் கோணல் பல்.

அக்கா மாத்திரம் தன் கல்லூரி ரெக்கார்டு நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கோணல் பல்லுக்குக் கறுப்பு மை. ஒருநாள் மாமாவிடம், “சம்பந்தமே இல்லாத ஒரு கடுவன் முயல் வேணும் மாமா. ஒரே ஒரு தடவை” என்றாள். மாமா எதற்கென்று கேட்கவில்லை. பஸ் ஏறிப் பெரியதாழைக்குப் போய், அங்கே ஒரு மீன்பிடிக்கிற வீட்டிலிருந்து காது கிழிந்த செம்பட்டை முயல் ஒன்றை வாங்கிவந்தார்.

அம்மா கொதித்துவிட்டாள். “ஊரும் தெரியாது, பேரும் தெரியாது. நம்ம பிள்ளைய இந்தக் காதறுந்த பயலுக்கா குடுக்கச் சொல்லுத?”

“முயலும்மா அது!” என்று அக்கா சிரித்தாள்.

“முயலுன்னா? இன்னைக்கு முயலுக்கு முறை வேண்டாம்ப, நாளைக்கு ஒனக்கே வேண்டாம்ப” என்றாள் அம்மா. அக்கா சிரிப்பை நிறுத்தினாள். நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு கடலை தின்றுகொண்டிருந்தேன்.

அம்மா ஏரலுக்கு ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்த பகலில், அக்காவே பெண்முயலைத் தூக்கிக்கொண்டுபோய்ச் செம்பட்டையின் கூண்டில் விட்டாள். முப்பத்தோராம் நாள் எட்டுக் குட்டி. கோணல் பல் பிறந்த அதே தாய்க்குத்தான் இந்த எட்டும். பல் தெரிகிற பருவம்வரை நாங்கள் காத்திருந்தோம். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மாமா ஒவ்வொரு குட்டியாக மடியில் மல்லாத்தி, கட்டைவிரலால் உதட்டை விலக்கினார். நான் எண்ணினேன். எட்டும் நேர்பல். எட்டாவதைக் கீழே விட்ட பிறகும் அவர் கை அப்படியே இருந்தது. அக்கா உள்ளே போய்விட்டாள். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் இவர்களுக்கு என்ன வந்தது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் அக்கா என்னிடம் அந்த நோட்டைக் கொடுத்தாள். “மாமாகிட்ட குடு. கடைசிப் பக்கத்தப் பாக்கச் சொல்லு.” வழியில் நான் பிரித்துப் பார்த்தேன், பார்க்காமல் இருப்பேனா? அதே சதுரம், அதே வட்டம். மேலே ஒரு மாமன் மருமகள் சோடி. அவர்களுக்குக் கீழே இரண்டு வட்டம், கறுப்பு மை அடைத்த ஒரு சதுரம். அந்த இரண்டில் மூத்த வட்டத்திலிருந்து ஒரு கோடு பக்கவாட்டில் போய், அதன் தாயின் தம்பியான இன்னொரு சதுரத்தைத் தொட்டது. அந்தக் கோட்டுக்குக் கீழே படம் இல்லை, ஒரு கேள்விக்குறி. முயல்களின் பட்டியலில் ஒரு பகுதி என்று நினைத்தேன். உருவம் அவ்வளவு ஒன்றுபோல இருந்தது. கூண்டடியில் நின்ற மாமாவிடம் கொடுத்துவிட்டு விளையாடப் போய்விட்டேன். அந்த இளைய வட்டம் நான், கறுப்புச் சதுரம் தம்பி என்பது எனக்குத் தெரியாது.

நாலைந்து நாள் கழித்து மத்தியானச் சாப்பாட்டில் மாமா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “எனக்கு வேண்டாம்க்கா.”

“என்னலே வேண்டாம், கொழம்பா?” என்றாள் அம்மா.

“கல்யாணம்.”

அம்மா கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். “அவளுக்கு என்னலே கொறச்சல்?”

“அவளுக்கு ஒரு கொறச்சலும் இல்ல.”

“பெறவு? எவளையும் பாத்து வச்சிருக்கியா?”

மாமா சோற்றைப் பிசைந்தார். அடுப்படி வாசலில் அக்கா நின்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. “ஆமா” என்றார்.

அப்பா எழுந்துபோய்விட்டார். அம்மா அன்று அழுத அழுகையும் பேசிய பேச்சும் எழுதத் தக்கதல்ல. பிறந்த அன்றே பேசிய பெண்ணை நட்டாற்றில் விட்ட பாவி என்று தெருவே சொன்னது. நானும் சொன்னேன். சொன்னதோடு நிற்கவில்லை, உடைமரத்து முள்ளை எடுத்து அவர் சைக்கிளின் இரண்டு டயரிலும் குத்திவைத்தேன். மறுநாள் காலை அவர் காற்றில்லாத சைக்கிளை உருட்டிக்கொண்டு, துணிப்பையை ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு ஏரலுக்குப் போனார். அங்கே வாழைத்தார் மண்டியில் வேலைக்குச் சேர்ந்தார். முயல்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டோம். அக்காவுக்கு மறுவருஷமே ஓட்டப்பிடாரத்தில் சம்பந்தம் அமைந்தது, முன்பின் உறவே இல்லாத இடம். மாமா பார்த்துவைத்திருந்த பெண் என்று ஒருத்தியும் கடைசிவரை வரவில்லை. வராததை நாங்கள் யாரும் யோசிக்கவும் இல்லை. அவர் நாற்பதை நெருங்கும்போது அப்பாவே ஒரு பெண் பார்த்துக் கட்டிவைத்தார்.

இதை வைத்து யாரும் என்னோடு சண்டைக்கு வராதீர்கள். உங்களில் பாதிப்பேர் மாமனைக் கட்டியவர்கள்தான், உங்கள் பிள்ளைகள் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார்கள். முயலுக்கு நடப்பதெல்லாம் மனிதருக்கு நடந்தே தீரும் என்று அக்காகூடச் சொன்னதில்லை. போன வருஷம் அவளிடம் கேட்டேவிட்டேன். “நீ வேண்டாம்னு நெனச்சுத்தான் அந்த நோட்டக் குடுத்தனுப்புனியா?”

அவளுக்கு இப்போது எழுபதை நெருங்குகிறது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “நான் வேண்டாம்னு எழுதலளா. கேள்விதான் போட்டேன். சரி பாப்போம்னு அவுக சொல்லியிருந்தா கட்டியிருப்பேன். பழியத் தன் தலையில போட்டுக்கிட்டுப் போவாகன்னு நான் நெனைக்கல.” அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு டீ போட எழுந்துபோனாள். எனக்கு அந்த டயர் முள் ஞாபகம் வந்தது.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது அக்காவின் மூத்த மகளுக்குக் காதுகுத்திய நாளை. மாமா போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதுவரை அம்மா அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா தெரியாமல் சொல்லியனுப்பியிருக்க வேண்டும், மாமா வந்து பந்தல்கால் ஓரமாக, கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். குழந்தைக்குத் தாய்மாமன் தம்பிதான். பத்து வயதுப் பையன், புது வேட்டியில், குழந்தையை மடியில் வைத்து இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆசாரி ஊசியை இறக்கியதும் குழந்தை வீரிட்டது. தம்பிக்கு அது கேட்கவில்லை. குழந்தையின் வாய் திறந்திருப்பதைப் பார்த்துத் தன் கன்னத்தை அதன் கன்னத்தில் வைத்துக்கொண்டான்.

அப்போது பின்னாலிருந்து மாமா குழந்தையை மெதுவாகக் கூப்பிட்டார். “ஏளா.”

குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுத் தலையைத் திருப்பிப் பார்த்தது. அதை மடியில் வைத்திருந்த தம்பி திரும்பவில்லை.

மாமா இன்னொரு தடவை கூப்பிட்டார். குழந்தை மறுபடி திரும்பி, கண்ணீரோடு, யார் என்று அவரைத் தேடியது. பந்தலில் எல்லாரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள், மேளம் அடித்துக்கொண்டுதான் இருந்தது. அம்மா மட்டும் கையில் சந்தனக் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். குழந்தையைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு வாயைப் பொத்தி அழுதுகொண்டிருந்த தன் கூடப்பிறந்தவனைப் பார்த்தாள். ரொம்பநேரம் பார்த்தாள். பிறகு கிண்ணத்தை என் கையில் திணித்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் போனாள்.

“ஏலே, பந்தி போட்டாச்சு. அங்கனயே நிக்காத, கையக் கழுவிட்டு வா” என்றாள்.